பேர்ட்ஸ்வில் போகலாமா? பாலைவன ஓரத்து இசை விழாவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சிற்றூரான பேர்ட்ஸ்வில்லில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 110 பேர் இருந்தார்கள். 1884-இல் கட்டிய ஒரு ஹோட்டல், ஒரு பேக்கரி, ஒரு போலீஸ் நிலையம், நர்ஸ்கள் நடத்தும் சிறு மருத்துவ நிலையம், ஒரு விமான ஓடுபாதை. ஊர் என்றால் கிட்டத்தட்ட இவ்வளவுதான். பிரிஸ்பேனிலிருந்து மேற்கே சுமார் 1,600 கிலோமீட்டர். தெற்கே கொஞ்ச தூரத்தில் தெற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லை, மேற்கே சிம்ப்சன் பாலைவனம். அந்தப் பாலைவனத்தின் விளிம்பில், ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் ‘பிக் ரெட்’ என்ற செம்மணல் மேடு நிற்கிறது. அதன் அடியில்தான் ஜூலை மாதத்தில் மூன்று நாள் ‘பிக் ரெட் பேஷ்’ இசை விழா நடக்கிறது. 110 பேர் ஊருக்கு அப்போது பத்தாயிரம் பேர் வரை வந்து இறங்குகிறார்கள்.

இது 2013-இல் தொடங்கியது. கிரெக் டோனவன் என்பவரின் மகனுக்கு முதல் வகை நீரிழிவு நோய். அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட அவர் இந்தப் பாலைவனத்தில் ஒரு நெடுந்தூர ஓட்டத்தை நடத்தினார். ஓடி முடித்தவர்களுக்காக ஒரு கச்சேரியும் வைத்தார். கண்ட்ரி (கிராமிய வாழ்க்கையைப் பாடும் மேற்கத்திய இசை) பாடகர் ஜான் வில்லியம்சன் வந்து பாடினார். காலப்போக்கில் ஓட்டம் பின்னால் போய்விட்டது, கச்சேரி வளர்ந்து நிற்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நூற்றுக்கு நூறு கண்ட்ரி விழா இல்லை. லீ கெர்னகன், கேசி சேம்பர்ஸ் போன்ற கண்ட்ரி பாடகர்களோடு பழைய ஆஸ்திரேலிய ராக் குழுக்களும் மேடை ஏறுவார்கள். கண்ட்ரி மட்டும்தான் வேண்டும் என்றால் ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸின் டாம்வொர்த்துக்குப் போங்கள். நல்ல விழா, நாட்டிலேயே பெரியது. ஆனால் அங்கே விமான நிலையம் உண்டு, தார் ரோடு உண்டு, ஏசி அறை உண்டு. அதற்கு வழிகாட்டி எதற்கு? ஆஸ்திரேலியக் கண்ட்ரி இசை வளர்ந்த விதமே வேறு. ஸ்லிம் டஸ்டி பல பத்தாண்டுகள் குடும்பத்தோடு கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். மாடு ஓட்டுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், மழைக்குக் காத்திருக்கிறவர்கள் இவர்களைப் பற்றிய பாட்டுகள் அவை. அந்தப் பாட்டில் வருகிற நிலத்தில் நான்கு நாள் வண்டி ஓட்டிவிட்டு அதே பாட்டைக் கேட்டால் காது வேறு மாதிரி வேலை செய்கிறது. பேர்ட்ஸ்வில்லுக்குப் போகச் சொல்வது அதற்காகத்தான்.

விழா மூன்று நாள், போக நான்கு நாள், வர நான்கு நாள். அதனால் இந்த வழிகாட்டியில் பாட்டைவிடச் சாலைதான் அதிகம் வரும்.

முதலில் நாளும் பணமும்

விழா ஜூலையில் நடப்பதற்குக் காரணம் வெயில். 1972 டிசம்பரில் பேர்ட்ஸ்வில்லில் 49.5 டிகிரி பதிவானது. கோடையில் அங்கே யாரும் கூடாரம் அடிக்க மாட்டார்கள். ஜூலையிலோ பகலில் 20 டிகிரியை ஒட்டி, மேகம் இல்லாத வானம். இரவில் 7 டிகிரி என்பது சராசரி, சில இரவுகளில் இன்னும் கீழே போகும்.

2025-இல் விழாவுக்கு ஓர் ஆண்டு ஓய்வு விட்டார்கள். ஆகவே எந்த ஆண்டானாலும் அதிகாரபூர்வத் தேதி வெளிவந்த பிறகே ஆபீசில் லீவு கேளுங்கள். டிக்கெட் பல மாதங்களுக்கு முன்பே விற்பனைக்கு வரும். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டால் கிடைக்காது.

லீவு எவ்வளவு? பிரிஸ்பேனிலிருந்து கிளம்பினால் குறைந்தது பன்னிரண்டு, பதின்மூன்று நாள். மழைக்காக அதில் ஒரு நாளோ இரண்டு நாளோ காலியாக விட்டு வையுங்கள். சிட்னியிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர், அடிலெய்டிலிருந்து 1,200. சிட்னியில் திங்கட்கிழமை வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு வந்து சேரத் திட்டமிடுகிறவர்தான் கங்காரு மீது வண்டியை விடுகிறவர்.

எரிபொருள் செலவை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். பிரிஸ்பேனிலிருந்து போக வர 3,200 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 14 லிட்டர் என்றால் 450 லிட்டர். நாட்டின் உட்பகுதியில் லிட்டர் 2.20 டாலர் என்று வைத்தாலும் ஏறக்குறைய 1,000 டாலர் ஆகிவிடும். இரண்டு குடும்பம் ஒரு வண்டியில் போனால் நல்லது என்று தோன்றும். ஆனால் தண்ணீர், கூடாரம், மெத்தை எல்லாம் ஏற்றிய பிறகு வண்டியில் நான்கு பேர் உட்கார்ந்தாலே பெரிய விஷயம்.

வண்டி

ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காய்ந்த நாளில், தரையிலிருந்து உயரம் உள்ள சாதாரண வண்டியும் நிதானமாகப் போனால் பேர்ட்ஸ்வில் சேர்ந்துவிடும். ஆனால் ஒரு மழை பெய்தால் கதை மாறிவிடும். களிமண் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு உருண்டையாகி வண்டியை நிறுத்திவிடும். பிக் ரெட் மேட்டில் வண்டி ஏற்ற ஆசையிருந்தால் ஃபோர் வீல் இல்லாமல் நினைத்தே பார்க்க வேண்டாம்.

வாடகை வண்டி எடுக்கிறவர்கள் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள். சாதாரண வாடகைக் கார்களுக்கு மண் சாலையில் பெரும்பாலும் அனுமதி இல்லை. விபத்தானால் காப்பீடு செல்லாது, முழுப் பணமும் உங்கள் தலையில். வெளிநாட்டிலிருந்து வந்து வண்டி எடுக்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். மண் சாலைக்கென்றே ஃபோர் வீல் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, விலை கூட.

டயர்தான் இந்தப் பயணத்தின் உயிர். வழியில் கூழாங்கல் பரப்புகள் வரும். பார்க்க வழவழப்பாக இருக்கும், உடைந்த ஓரமோ கத்தி போல டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். பாதி தேய்ந்த டயரோடு கிளம்பாதீர்கள். ஸ்பேர் இரண்டு இருந்தால் நிம்மதி. ஒன்றுதான் என்றால் பஞ்சர் ஒட்டும் கிட்டும் காற்றடிக்கும் கம்ப்ரசரும் கட்டாயம். மண் சாலை தொடங்கியதும் காற்றழுத்தத்தைக் கால் பங்கு குறையுங்கள், வேகத்தை 80-க்குள் வையுங்கள். தார் ரோடு வந்ததும் திரும்பக் காற்று ஏற்ற வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாக விடுகிறவர்களின் டயர்களைத்தான் சாலையோரத்தில் வரிசையாகப் பார்க்கலாம். ஸ்பேர் டயரை எப்படிக் கழற்றுவது, ஜாக் எங்கே இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே ஒரு முறை செய்து பாருங்கள். சாய்ந்த மண் ஓரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம் இல்லை அது.

வண்டிக்கு வண்டி பேச உதவும் யுஎச்எஃப் ரேடியோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கையில் பிடிக்கும் சிறியது போதும். 40-ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். 5-உம் 35-உம் அவசரத்துக்கானவை, அவற்றில் அரட்டை கூடாது.

பிரிஸ்பேனிலிருந்து வழி

முதல் நாள் டூவூம்பா தாண்டி ரோமா வரை, ஏறத்தாழ 480 கிலோமீட்டர். முழுக்கத் தார் ரோடு, சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் ரோமாவிலிருந்து சார்ல்வில் 265, அங்கிருந்து குவில்பி 210. சார்ல்வில்லில் நேரம் இருந்தால் ஓர் இரவு தங்குங்கள். வானத்தை டெலஸ்கோப் வழியாகக் காட்டும் மையம் ஒன்று இருக்கிறது. நகர வெளிச்சத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால்வெளி என்றால் என்ன என்று அங்கே புரியும். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொள்வதும் இந்தப் பக்கத்திலேயே முடியட்டும். ஆனால் பிரிஸ்பேனிலேயே எல்லாவற்றையும் வாங்கி அடைக்காதீர்கள். ரொட்டி, இறைச்சி, டீசல், ஒரு வேளைச் சாப்பாடு, இவற்றை வழியில் உள்ள சின்ன ஊர்களில் வாங்குங்கள். விழாக்கூட்டம் கடந்து போகிற அந்த ஓரிரு வாரம் அந்தக் கடைகளுக்குப் பெரிய வியாபாரம்.

மூன்றாம் நாள் குவில்பியிலிருந்து விண்டோரா 245 கிலோமீட்டர். இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஊருக்குக் கிழக்கே கூப்பர் க்ரீக் (க்ரீக் என்றால் ஓடை) ஓடுகிறது, கரையில் முகாமிடலாம். தாம்சன், பார்க்கூ என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஓர் ஓடையாக ஆகிற விசித்திரம் இது. வெள்ளக் காலத்தில் அந்த ‘ஓடை’ பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரியும்.

நான்காம் நாள் காலை வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி பேர்ட்ஸ்வில், 385 கிலோமீட்டர். தாரும் சரளையும் மாறி மாறி வரும். நடுவில் பெட்டூட்டா என்ற ஊர்ப் பலகை வரும். ஊர் என்று அங்கே இருப்பது ஒரு பழைய ஹோட்டல் கட்டடம். இந்த 385 கிலோமீட்டருக்கு விண்டோராவில் டேங்க்கை முழுக்க நிரப்புங்கள். கேரவன் இழுத்தால் சரளையில் நூற்றுக்கு 16 லிட்டர் வரை போகும், அதாவது 62 லிட்டர். அதற்கு மேல் 20 லிட்டர் ஜெர்ரி கேன் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். அதை வண்டிக்குள் வைக்காதீர்கள், புகை தலைவலியைத் தரும், ஆபத்தும்கூட. புது டீசல் வண்டிக்காரர்கள் ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) ஒரு கேன் கூடவே எடுத்துப் போங்கள்.

வண்டி ஓட்டப் பிடிக்காதவர்களுக்கு நகரங்களிலிருந்து பஸ் சுற்றுலாக்கள் உண்டு. பிரிஸ்பேனிலிருந்து ஊர் ஊராக இறங்கி ஏறிப் போகும் சிறு விமானமும் வாரத்தில் ஓரிரு நாள் உண்டு. ஆனால் இருக்கைகள் குறைவு, கூடாரத்தைச் சுமந்துபோகவும் முடியாது.

சாலையில் நினைவில் வைக்க வேண்டியவை

அதிகாலை, அந்தி, இரவு மூன்றிலும் ஓட்டாதீர்கள். வேலி இல்லாத நிலம், மாடும் கங்காருவும் ஈமுவும் சாலையில்தான் நிற்கும். மாலை நான்கரைக்கு எங்கே இருந்தாலும் நிறுத்தி இடம் தேடுங்கள்.

ரோட் டிரெய்ன் என்று ஒரு லாரி. மூன்று டிரெய்லரை இழுத்துக்கொண்டு 53 மீட்டர் நீளம் வரை இருக்கும். எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள், கல் தெறித்துக் கண்ணாடி உடையலாம். முன்னால் போனால் அதன் புழுதிக்குள் புகுந்து முந்தப் பார்க்காதீர்கள். ரேடியோவில் 40-இல் கூப்பிட்டுச் சொன்னால் டிரைவரே எப்போது வரலாம் என்று சொல்வார். பதில் வரவில்லையா, நிறுத்தி ஒரு டீ போட்டுக் குடியுங்கள்.

இப்போது முக்கியமானது, வெள்ளம். இந்தப் பகுதியில் தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே சாலை மூடப்படும். ஏனென்றால் கூப்பர், டயமன்டினா ஆறுகளின் தண்ணீர் பல நூறு கிலோமீட்டர் வடக்கே பெய்த மழை. நிலம் அவ்வளவு தட்டை, தண்ணீர் வாரக்கணக்கில் ஊர்ந்து வரும். 2025 மார்ச்சில் மேற்குக் குயின்ஸ்லாந்தில் வந்த வெள்ளம் ஊர்களையே காலி செய்ய வைத்தது. ஆகவே கிளம்பும் முன்பும், ஒவ்வொரு காலையும் குயின்ஸ்லாந்து அரசின் சாலைத் தகவல் தளத்தையும் அப்பகுதியின் உள்ளாட்சியான டயமன்டினா ஷையர் கவுன்சிலின் சாலை அறிக்கையையும் பாருங்கள். ‘மூடப்பட்டது’ என்று பலகை இருந்தால் மூடப்பட்டதுதான். மீறிப் போனால் அபராதம். அதைவிட மோசம், ஈரமான மண் சாலையில் நீங்கள் போடும் தடம் காய்ந்து கல்லாகி, அடுத்துப் பல வாரம் அந்த ஊர்க்காரர்களின் வண்டிகளை உலுக்கும். காத்திருப்பதற்காகத்தான் அந்தக் காலி நாட்கள்.

போன் சிக்னல் ஊர்களுக்குள் மட்டும்தான், அதுவும் டெல்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தின் இணைப்பு இருந்தால். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள், ஒரு காகித வரைபடமும் வாங்குங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். ஆகாயத்திலிருந்து மனிதனைக் கண்டுபிடிப்பது கடினம், வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது.

முகாமில்

விழா நடக்கும் இடத்தில் குழாய்த் தண்ணீர் இல்லை, மின் இணைப்பு இல்லை. குளிக்க வசதி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 5 லிட்டர், சமைக்கவும் கழுவவும் இன்னொரு 5 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். தண்ணீரை ஒரே தொட்டியில் வைக்காமல் பல கேன்களில் பிரியுங்கள், ஒன்று ஓட்டையானால் மற்றது இருக்கும்.

நம் சமையலுக்கு இங்கே ஒரு சங்கடம். சோறு வடிப்பது தண்ணீரை விழுங்கும் வேலை, பாத்திரம் கழுவுவது அதற்கு மேல். புளியோதரை, சப்பாத்தி, தொக்கு என்று முதல் இரண்டு நாளைக்கு ஓட்டலாம். பிறகு குக்கரில் ஒரே பாத்திரமாகப் பருப்பு சாதம். விறகு அடுப்புக்கு அனுமதி இருக்காது, காஸ் அடுப்புதான். காற்று வீசும், அதற்கு ஒரு தகரத் தடுப்பு வேண்டும். சைவக்காரர்கள் உணவுக் கடைகளை நம்ப வேண்டாம், உருளைக்கிழங்குச் சிப்ஸில் முடிந்துவிடும். அசைவக்காரர்கள் ஊரில் பேர்ட்ஸ்வில் பேக்கரியின் ஒட்டகக் கறி அடைத்துச் சுட்ட ‘பை’ (pie) பண்டத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள். நம் நாக்குக்கு மசாலா கொஞ்சம் கம்மிதான்.

கூடாரத்தோடு வரும் சின்ன ஆணிகள் மணலில் நிற்காது. முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளமான மணல் ஆணிகள் வாங்குங்கள். பூஜ்யம் டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக், கம்பளித் தொப்பி, காலுறை வேண்டும். காற்று மெத்தைக்குக் கீழே ஒரு கம்பளி விரித்தால்தான் தரையின் குளிர் ஏறாது. பகலில் முகத்தில் ஈ மொய்க்கும், முகவலை ஒன்று வாங்கிவிடுங்கள். அதைப் போட்டால் சிரிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், எல்லோரும் போட்டிருப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இரண்டு வையுங்கள். புழுதி மாவு போல நுண்மையானது, மூடிய பைக்குள்ளும் போகும்.

கழிப்பறைகள் தண்ணீர் இல்லாத தற்காலிகமானவை. வாசனை இருக்கும். காலையில் சீக்கிரம் போய்விடுவது புத்திசாலித்தனம். நாய்களையும் அழைத்து வருகிறார்கள், பயப்படுகிற பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பாட்டும் கூத்தும்

கச்சேரி மதியத்துக்குப் பிறகு தொடங்கி இரவு வரை போகும். இருக்கை கிடையாது, மடக்கு நாற்காலி உங்களுடையது. குடிக்கிறவர்கள் தங்கள் பானத்தைத் தாங்களே கொண்டுவரலாம், கண்ணாடி பாட்டில் வேண்டாம். மேடைக்கு முன்னால் இடம்பிடிக்க முட்டிமோத வேண்டியதில்லை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஓய்வுபெற்ற வயதுக்காரர்களாகத்தான் கண்ணுக்குத் தெரியும், கேரவனோடு நாட்டைச் சுற்றுகிறவர்கள். பக்கத்துக் கூடாரத்தில் உள்ளவர் உங்களைக் கூப்பிட்டு டீ தருவார், எந்தச் சாலையில் குழி, எந்த ஊரில் டீசல் மலிவு என்று விவரம் சொல்வார். அந்தப் பேச்சைத் தவறவிடாதீர்கள்.

ஒரு நாள் மாலையாவது மேடையை விட்டுவிட்டு மணல்மேட்டில் ஏறி உட்காருங்கள். மேற்கே ஆயிரத்துக்கும் அதிகமான மணல் வரிசைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போகும், கீழே பாட்டு தெளிவாகவே கேட்கும். இது வாங்கங்குரு யார்லுயாண்டி மக்களின் நிலம். தேசியப் பூங்காவுக்கு அவர்கள் மொழியில் முங்கா-திர்ரி என்று பெயர்.

‘நட்புஷ்’ நடனம் ஒன்று உண்டு. டினா டர்னரின் ‘நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்’ பாட்டுக்கு வரிசையாக நின்று ஆடுவது. ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும், ஆகவே உங்கள் மகளிடம் வீட்டிலேயே கற்றுக்கொள்ளுங்கள். 2023-இல் 5,838 பேர் சேர்ந்து ஆடி உலக சாதனை படைத்தார்கள். ஆண்கள் பெண் வேடமிட்டு ஓடும் பந்தயமும் உண்டு, பணம் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸுக்குப் போகும். 1928 முதல் விமானத்தில் மருத்துவம் கொண்டுபோகிற அமைப்பு அது. பேர்ட்ஸ்வில்லில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் அந்த விமானம்தான் வர வேண்டும். உண்டியல் வந்தால் போடுங்கள்.

இவ்வளவு தூரம் முடியாது என்றால்

இதே அமைப்பாளர்கள் ஆகஸ்ட்டில் ‘முண்டி முண்டி பேஷ்’ என்று இன்னொன்று நடத்துகிறார்கள், நியூ சவுத் வேல்ஸின் புரோக்கன் ஹில் பக்கத்தில், சில்வர்ட்டன் தாண்டி. புரோக்கன் ஹில் வரை முழுக்கத் தார் ரோடு, சிட்னியிலிருந்து வாரம் ஒரு ரயில்கூட உண்டு. கைக்குழந்தை, வயதான பெற்றோர் இவர்களோடு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அங்கே கடிகாரம் சிட்னியைவிட அரை மணி பின்னால், தெற்கு ஆஸ்திரேலிய நேரம். ஊரில் ஒட்டக ஓட்டிகள் கட்டிய தகர மசூதி ஒன்றும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

திரும்புதல்

கடைசிப் பாட்டு முடிந்த மறுநாள் காலை எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். வெளியேறும் வரிசை, பெட்ரோல் பங்க்கில் வரிசை, சாலையில் ஓயாத புழுதி. முடிந்தால் ஒரு நாள் கழித்துக் கிளம்புங்கள், அல்லது மதியம் வரை தூங்குங்கள். முந்தைய இரவு குடித்தவர் காலையில் ஓட்டக் கூடாது, போலீஸ் மூச்சுப் பரிசோதனைக்கு நிற்பார்கள். குப்பையை மூட்டை கட்டி உங்களோடேயே எடுத்துப் போங்கள், 110 பேர் ஊரின் குப்பைக்கிடங்கு பத்தாயிரம் பேருக்கானது இல்லை.

தெற்கே அடிலெய்டு பக்கம் திரும்புகிறவர்களுக்கு பேர்ட்ஸ்வில் டிராக், மாரீ வரை 517 கிலோமீட்டர் மண் சாலை. நடுவில் எரிபொருள் கிடைப்பது முங்கரேனி ஹோட்டலில் மட்டும், பேர்ட்ஸ்வில்லிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழங்கள் கொண்டுபோகத் தடை இருப்பதால் மிச்சமுள்ள ஆரஞ்சை எல்லைக்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள்.

வீடு சேர்ந்ததும் முதல் வேலை ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுவது, மோசமாக இருந்தால் மாற்றுவது. வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், ஒட்டியிருக்கும் களை விதைகள் தோட்டத்துக்கு வர வேண்டாம். கதவு இடுக்குகளில் மட்டும் சிவப்புப் புழுதி அடுத்த சர்வீஸ் வரைக்கும் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.